ஏற்காடு: எந்த நிலம் எதற்கு?

ஒண்டிக்கடை முக்கில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது லாட்ஜ் போர்டும் மனை விற்பனை விளம்பரமும்தான். 'ஒண்டி' என்றால் தனி. ஒரே ஒரு கடை இருந்த காலத்துப் பேராக இருக்கணும். இந்த மலையில் எந்த நிலம் எதற்கு என்று யார் தீர்மானிச்சாங்க? ஊராட்சி என்று நினைத்தால் தப்பு.

முதல் பெரிய மாற்றம் 1820-களில். சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். மலையாளி மக்கள் சாமையும் ராகியும் விதைத்த மலையில் எஸ்டேட்டுகள் எழும்பின. கலெக்டரே தோட்டம் போட்டால் பிளான் எங்கேன்னு யார் கேட்பது!

அடுத்தது, யாரும் அவ்வளவாகப் பேசாத ஒரு சட்டப்பிரிவு. 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970-ல் அது 15 ஆனது. ஆனால் 73-ம் பிரிவு, 1960 ஏப்ரல் 6-ல் இருந்த காப்பி, தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. தோட்டமாக இருக்கும் வரைதான் அந்த விலக்கு. ஏற்காட்டில் நிழல்மரங்களோடு எஸ்டேட்டுகள் இத்தனை நாள் நிற்பதற்கு, 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தைவிட இந்தப் பிரிவுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நகரமைப்புச் சட்டத்தின் 'மாஸ்டர் பிளான்' நகரத்தை நினைத்து எழுதியது. மலைச்சரிவு அதில் சரியாக உட்காரவில்லை.

அதனால் 1990 ஏப்ரலில் அரசாணை எண் 44 வந்தது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம், வாய்வழக்கில் 'ஹாக்கா'. மனைப் பிரிவோ பெரிய கட்டிடமோ என்றால் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் கருத்துச் சொல்லணும். கடைசி முடிவு சென்னையில். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சென்னை கையில் இருந்தால் மலை பத்திரம் என்றும் சொல்ல முடியாது. கோடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் விதியை மீறிக் கட்டிய மாடிகளுக்கு 1994-ல் விலக்குக் கொடுத்ததே மாநில அரசுதான். அதை எதிர்த்து பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் கோர்ட்டுக்குப் போனது; உயர் நீதிமன்றம் விலக்கை ரத்து செய்தது, 1995-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதே 1994-ல்தான் புதிய ஊராட்சிகள் சட்டமும் வந்து, கிராம ஊராட்சித் தலைவரை நிர்வாக அதிகாரி ஆக்கியது. காகிதத்தில் அதிகாரம் கீழே இறங்கியது. ஆனால் மலைநிலத்தின் கடிவாளம் நாலு வருஷம் முன்னாலேயே மேலே போயாச்சு. ஃபைல் பின்னால் சேலத்துக்கும் சென்னைக்கும் அலைய ரிசார்ட்காரருக்கு ஆள் உண்டு. ரெண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கும் மலையாளிக் குடும்பத்துக்கு யார் இருக்கா? கட்டிடம் எழும்பின பிறகு தண்ணீர், குப்பை, தெருவிளக்கு மட்டும் ஊராட்சி பொறுப்பு.