செங்கால் நாரை எது?

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டை அறியாதவர் நம்மில் அரியர். பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள் பொருளை மறந்திருந்தாலும் அதன் ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். தனிப்பாடலாக வழங்கும் அச் சிறு பாட்டிலே, மதுரை மாநகரில் உடுக்க நல்ல துணியில்லாமல், வாடையில் மெலிந்து, கைகளையே போர்வையாக்கிக் கிடக்கும் ஏழைப் புலவர் ஒருவர், வானிற் போகும் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் சேதி அனுப்புகிறார். அப் பாட்டின் சோகத்தைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். நான் இன்று பேச விரும்புவது அந்தப் பறவையைப் பற்றி. அது எந்தப் பறவை?

கவிதையைக் கவிதையாகப் பார்த்தாற் போதாதா, கொக்கானால் என்ன நாரையானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. நம் பழம் புலவர்கள் ஏட்டைப் பார்த்து உவமை அடுக்கினார்களா, கண்ணாற் கண்டதைப் பாடினார்களா என்ற பெரிய வழக்கிற்கு இதுவும் ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் விட்டுவிடலாமா?

புலவர் தரும் அடையாளம் இரண்டு. கால் சிவப்பு. அலகோ பவளம் போற் சிவந்து, கூர்மையாய், பிளந்த பனங்கிழங்கு போல இருக்கிறது. நாரையின் அலகுக்கு உவமை கிடைக்காமல் நெடுநாள் தவித்த பாண்டிய மன்னன், நகர்சோதனைக்கு வந்த இரவில் இதைக் கேட்டு மகிழ்ந்து, தன் மேலாடையைப் புலவர் மேல் எறிந்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதைக் கட்டியவர் பாட்டின் உயிர் எங்கே இருக்கிறதென்று அறிந்தவர்.

இனி நீர்க்கரைக்குப் போவோம். மன்னார் வங்காலைப் பக்கம் ஒரு காலைப்பொழுது நின்றவர்களுக்கு நெடுங்காற் பறவைகள் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. முதலிற் கொக்கைக் கழித்துவிடலாம். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்ளும். நாரை கழுத்தையும் காலையும் நீட்டிக்கொண்டு பறக்கும். எவ்வளவு தூரத்திலும் இந்த ஒன்றைக்கொண்டு பிரித்தறியலாம். பூநாரையின் கால் சிவந்ததுதான். ஆனால் அதன் அலகு நடுவிலே வளைந்து முறிந்தது போலிருக்கும், நுனியும் கறுப்பு. நெடுங்கால் உள்ளானுக்குச் செக்கச் சிவந்த கால் உண்டு. அலகோ ஊசி போன்ற கறுப்பு. எங்கும் காணப்படும் மஞ்சள் மூக்கு நாரைக்குப் பெயரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

நத்தைகுத்தி நாரை சற்று வழக்காடக்கூடியது. அதன் அலகின் இரு பாதிகளும் மூடினாலும் பொருந்தாமல் நடுவிலே இடைவெளி தெரியும். பிளந்த கிழங்கு என்றது இதைத்தானோ என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் அந்த அலகு மங்கிய சாம்பல் நிறம்; பவளம் என்று எந்தக் கண்ணும் சொல்லாது. தவிரவும், கிழங்கிலே புலவர் கண்டது வேறு. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவித்த பனங்கிழங்கைத் தோலுரித்து நெடுக்கே பிளந்தால், அடி பருத்து நுனி கூர்ந்த இரண்டு நேரான பாதிகள் கையில் வரும். ஒடியலுக்குப் பிளந்து காயப் போட்டதைப் பார்த்தாலும் அதே வடிவந்தான். நாரை வாய் திறந்து நிற்பதை அதற்கு மேல் எப்படிச் சொல்வது? வடிவத்துக்குக் கிழங்கு, நிறத்துக்குப் பவளம் என்று இரண்டையும் வேறாக்கி வைத்த கணக்கைக் கவனியுங்கள்.

காலும் அலகும் ஒருங்கே சிவந்து, அலகு நேராய் நீண்டு கூர்ந்த நாரைகள் நம் பக்கத்தில் இரண்டே. ஒன்று கருநாரை, உடல் கறுத்தது, கூச்சமுள்ளது. மற்றது வெண்ணாரை, வெள்ளுடலும் சிறகின் பின்புறம் கறுப்புமாகத் திறந்த வயல்களில் இறங்குவது. குளிர்காலத்திலே தென்தமிழகத்துக் குளக்கரைகளுக்குச் சிறு கூட்டங்களாக வருவதும் வெண்ணாரையே. என் வாக்கு அதற்குத்தான்.

அலகைவிட எனக்கு வியப்பூட்டுவது வழி. நாரையும் அதன் பேடையும் தெற்கே குமரியில் நீராடி வடக்கே திரும்புவதாயின் எங்கள் சத்திமுத்தத்துக் குளத்தில் தங்குங்கள் என்கிறார் புலவர். சத்திமுத்தம் கும்பகோணத்துக்கு அருகே, மதுரைக்கு வடகிழக்கே உள்ளது. பறவை பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே மீள்கிறது என்பது அவருக்கு ஆராய்ச்சியன்று, அன்றாட அறிவு.

ஐரோப்பாவில் இதே பறவை பட்ட பாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். நாரை தன் காலத்தை அறியும் என்று எரேமியா தீர்க்கதரிசியின் நூல் 8ஆம் அதிகாரத்திலேயே சொல்லியிருக்க, கி.மு. 4ஆம் நூற்றாண்டு அரிஸ்ரோட்டில் அதை ஒளிந்து உறங்கும் பறவைகளோடு சேர்த்துவிட்டார். 17ஆம் நூற்றாண்டிலே சார்ள்ஸ் மோட்டன் என்ற ஆங்கிலேயர் பறவைகள் குளிர்காலத்தில் சந்திரனுக்குப் போகின்றன என்று எழுதினார்! 1822இல் ஜேர்மனியின் குளூட்ஸ் என்ற ஊரருகே சுடப்பட்ட வெண்ணாரை ஒன்றின் கழுத்திலே ஆபிரிக்க மரத்தாலான நீண்ட ஈட்டி ஒன்று குத்தி நின்றது. அந்தக் காயத்தோடு கடந்த தூரத்தை நினைக்க நெஞ்சு பதறுகிறது. பாடம்பண்ணப்பட்ட அவ்வுடல் றொஸ்டொக் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. பின்னர் 1899இல் டென்மார்க்கின் மோட்டன்சன் என்ற ஆசிரியர் பறவைக் காலில் எண் பொறித்த வளையம் பூட்டும் முறையைத் தொடங்க, ரொசிட்டன் நிலையத்தில் தீனெமன் அதை நாரைகளுக்குப் பூட்டினார். வழி மெல்ல மெல்லத் தெளிந்தது.

இந்தியாவுக்கு வரும் வெண்ணாரைகளிற் பெரும்பாலானவை மத்திய ஆசியாவின் கூடுகளிலிருந்து வருபவை. நிலம் சூடேறி எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, சிறகை அதிகம் அடிக்காமல் மிதந்து செல்வது இவற்றின் வழக்கம். கடல் மேல் அத்தகைய காற்று எழுவதில்லை. ஆதலால் விரிந்த கடலைத் தாண்டத் தயங்கும். நமது தீவிற்கு வெண்ணாரை வருவது மிக அபூர்வம் என்பதற்கும் அது ஒரு காரணமாயிருக்கலாம். புலவரும் அதன் பயணத்தைக் குமரியோடு நிறுத்தினார்.

ஓரிடத்தில் மட்டும் அவர் கற்பனைக்கு இடங்கொடுத்தார். வெண்ணாரைச் சோடி பயணத்தில் பொதுவாகச் சேர்ந்திருப்பதில்லை. பெரும்பாலும் ஆண் முதலிற் கூட்டை அடையும், பேடை பின்னர் வரும். மனைவியைப் பிரிந்தவன் வானத்தைப் பார்க்கையில் இரண்டாகத் தெரிந்தது போலும். ஊரையும் மனைவி மக்களையும் விட்டு நெடுங்காலம் வேற்றூரில் இருந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர். அவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. வளர்ந்த வெண்ணாரைக்குக் குரல் இல்லையென்றே சொல்லலாம். கூட்டிலே துணையைக் காணும்போது கழுத்தைப் பின்னே வளைத்து அலகுகளைப் படபடவென்று தட்டும், அவ்வளவுதான் பேச்சு. கூடோ மத்திய ஆசியாவில். தமிழ்நாட்டு வயலிலே அது பெரும்பாலும் ஓசையின்றி நிற்கும். அந்தப் பறவையிடந்தான் புலவர் சேதி சொல்லி அனுப்பினார். நனைந்த சுவருடைய அந்தக் குடிசையிலே அவர் மனைவியோ பல்லி சொல்லும் நிமித்தத்துக்குக் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறாள்.