சித்திரையும் நகராட்சியும்

மதுரையில் மூன்று வருடம் படித்துவிட்டுப் போன நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும்? சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதிகளில் ஓடுகிறது? சித்திரை வீதி என்று கோயிலை ஒட்டியே நான்கு வீதிகள் இருக்கின்றனவே, அங்கே அல்லவா ஓட வேண்டும்?

பதில் சுலபம்தான். மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தவை. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார் என்றும், தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவழைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். காரணமும் சொல்வார்கள். மாசி அறுப்புக் காலம். தேர் இழுக்க ஆள் கிடைக்காது. சித்திரையில் களம் காலி. வண்டி மாடு சும்மா நிற்கும், மடியில் நாலு காசும் இருக்கும். சுற்று வட்டாரத்துச் சனம் பூராவும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

அரசியல் கணக்கில் இது கெட்டிக்காரத்தனம். ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் அற்றுப்போகும் மாதத்தில், ஊரில் கூட்டம் உச்சத்துக்குப் போகிறது. அன்று மன்னர் வைத்த இந்தச் சோதனையைத்தான், 1866இல் மதுரை நகராட்சி ஏற்பட்டதிலிருந்து நம் நகர நிர்வாகம் ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருக்கிறது. அரசாங்கக் கணக்கு மார்ச்சில் முடியும். மதுரையின் உண்மையான கணக்கு சித்திரையில்தான் தெரியும் என்பது என் கட்சி.

நகராட்சிக்கு முந்திய கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடித்து, நாற்றமடித்துக் கிடந்த அகழியை மேடாக்கினார். சுவரை இடித்து மண்ணைக் கொட்டிச் சமன் செய்பவர்களுக்கே அந்த இடம் என்பது ஏற்பாடு. அப்படி வந்தவைதான் வெளி வீதிகள். பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அந்த வேலை பார்த்தவர்களின் பெயர்தாங்கி நிற்கின்றன. ஊர்க்காரர்கள் நன்றிக்காக பிளாக்பர்னுக்கு 1847இல் ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். ஜவுளி எடுக்கப் போகும்போது ‘விளக்குத்தூண்ல இறங்கிக்க’ என்கிறோமே, அந்தத் தூண் அதுதான்.

அகழி போயிற்று, தண்ணீர்ப் பிரச்சினை போகவில்லை. அந்தக் காலத்து நகராட்சிகளுக்குத் திருவிழா என்றாலே காலரா பயம். லட்சக்கணக்கில் வந்து சேரும் சனம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும். அதே ஆற்றில்தான் குளியலும் மற்றதும். பின்னாளில் குழாய் வந்தபோதும், அந்தக் குழாய்க்குள் வந்தது பெரும்பாலும் வைகை மணலுக்கடியில் ஊறிய நீரே. கோச்சடைப் பக்கத்து நீரேற்று நிலையங்கள் அந்த மணலை நம்பி அமைந்தவை. மணல் இருக்கும்வரை ஊற்று இருந்தது. பிறகு மணல் போன வழியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. திருவிழாவின் பாதி நிர்வாகம் எப்போதுமே நகராட்சிக் கையில் இருந்ததில்லை. மண்டகப்படிக்காரர்கள், தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் போடுபவர்கள், பானகமும் நீர்மோரும் ஊற்றுபவர்கள், வந்தவருக்கு விசிறி கொடுத்து உட்கார வைப்பவர்கள் என்று சனங்களே நடத்தும் ஒரு நிர்வாகம் அது. அதற்குத் தேர்தலும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. இன்றைய மாணவர்கள் பஸ் ஸ்டாண்டாக மட்டுமே அறிந்த மாட்டுத்தாவணி, பெயரிலேயே சொல்வதுபோல, மாட்டுச் சந்தை கூடிய இடம். திருவிழாவுக்கு வந்த விவசாயி அப்படியே ஒரு ஜோடி மாட்டையும் பிடித்துக்கொண்டு போவார். சாமி கும்பிட்டதுமாச்சு, உழவுக்கு மாடு வாங்கினதுமாச்சு.

1959 மதுரைக்கு முக்கியமான ஆண்டு. ஜனவரியில் வைகை அணை திறக்கப்பட்டது. ஏப்ரல் 15ஆம் தேதி, கொளுத்தும் வெயிலில், பிரதமர் நேரு வந்து ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். அருங்காட்சியகத்தை விட, அணைதான் சித்திரையை மாற்றியது. அதன்பின் அழகருக்கான தண்ணீர் மேலிருந்து தானாக வருவதில்லை. ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு மதகு திறக்க வேண்டும். அதற்குக் கோப்பு நகர வேண்டும், உத்தரவு வர வேண்டும். அழகர் இறங்கும் அன்று ஆற்றில் நீர் ஓடும். சில நாளில் மறுபடி வறண்டுவிடும்.

நகராட்சி மாநகராட்சியானதும் கோடையில்தான். 1971 மே 1. சென்னைக்கு அடுத்து தமிழ்நாட்டில் இரண்டாவது மாநகராட்சி என்ற பெருமை அன்று மதுரைக்குக் கிடைத்தது. மதுரை முத்து முதல் மேயர். அப்போது பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டர். பிறகு 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி என்று சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் சேர்த்து 148 சதுர கிலோமீட்டர், 100 வார்டு ஆனது. நாம் படித்த காலத்தில் வயலும் கண்மாயுமாகப் பஸ் ஜன்னலில் ஓடிய இடங்களெல்லாம் இப்போது வார்டு எண்கள். வரி வேகமாகச் சேர்ந்துவிடுகிறது. குழாய் சேர்வதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அது எழுதி வைத்தது. 1996இல் மதுரை மக்கள் தங்கள் மேயரைத் தாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். (பிறகு 2006இல் கவுன்சிலர்கள் வழியாக, 2011இல் மீண்டும் நேரடியாக, 2022இல் மறுபடி கவுன்சிலர்கள் வழியாக! சட்டத்தை மாற்றுவதில் நாம் காட்டும் சுறுசுறுப்பைக் குழாய் மாற்றுவதிலும் காட்டினால் தேவலை.) ஆனால் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபின் நடந்தது என்ன? அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான். இடையில் ஐந்து சித்திரைகள். வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை, மாநகருக்கு மேயர் இல்லை, தனி அலுவலர் ஆட்சி.

சாதாரணச் சித்திரைகளா அவை? 2017இல் கடும் வறட்சி. அணையில் மிச்சமிருந்த நீர் ஆவியாகாமல் தடுக்க, ஏப்ரல் 21ஆம் தேதி அமைச்சர் ஒருவர் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றடித்தது; அட்டைகள் கரை ஒதுங்கின. ஊரே சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பைவிட வருத்தம்தான் அதிகம். தெருக்குழாயில் குடத்தை வரிசை வைத்துவிட்டு, “அண்ணே, தண்ணி எப்பண்ணே வரும்?” என்று கேட்க அந்த வருடம் வார்டில் ஓர் ஆள் இல்லையே! கவுன்சிலர் வந்தால் மட்டும் தண்ணீர் கொட்டிவிடுமா என்று கேட்பீர்கள். கொட்டாது. ஆனால் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். அதிகாரி வீட்டு வாசலில் அது முடியுமா?

2019இல் இன்னொரு வேடிக்கை. மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் தேரோட்டமும் ஒரே நாளில், ஏப்ரல் 18இல் விழுந்தன. தேர்தலைத் தள்ளி வைக்கச் சொல்லி நீதிமன்றம் வரை போனார்கள், தள்ளவில்லை. மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட அனுமதித்தார்கள். காலையில் தேர் வடம் பிடித்த கை, சாயங்காலம் விரலில் மை வைத்துக்கொண்டது. டெல்லிக்கு ஆள் அனுப்ப அவ்வளவு ஏற்பாடு செய்தவர்கள், உள்ளூர் வார்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஐந்து வருடம் ஏற்பாடு செய்யவில்லை.

2020, 2021 இரண்டு வருடமும் கொரோனா. திருக்கல்யாணத்தைச் சனங்கள் டிவியில் பார்த்தார்கள். அழகர் வைகைக்கு வரவே இல்லை. அந்த ஏக்கமெல்லாம் சேர்ந்து 2022 ஏப்ரல் 16ஆம் தேதி ஆற்றில் இறங்கியது. நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள். புது மன்றம் பதவியேற்று ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு பாஸ், தடுப்பு, நுழைவு வழி என்று கெடுபிடி கூடியிருக்கிறது. அழகர் மேல் மோட்டார் பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, பழைய தோல் துருத்திதான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் சொன்னது. துருத்தி தைக்கும் கைகளுக்கு நல்ல சேதி.

இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கடுத்த மாதம் மாசி வீதியில் தேர்.