புசல்லாவையின் குடிகள்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் சாலையில் அமைந்த சிற்றூர் புசல்லாவை. 1841ஆம் ஆண்டளவில் வோர்ம்ஸ் சகோதரர் இங்கே ரொத்சைல்ட் தோட்டத்தில் கோப்பி பயிரிட்டனர். சீனத் தேயிலையையும் நட்டுப் பார்த்தனர். கோப்பிக் காலத்தில் தமிழகத் தொழிலாளர் அறுவடைக்கு வந்து ஊர் திரும்புவதே பெருவழக்கு. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர் பரவிய தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன.

நேயர்களே, 1871 முதல் குடிசனக் கணக்குகளில் எண்ணப்பட்டுவந்த மலைநாட்டுத் தோட்டத் தமிழரில் மிகப் பலருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையை மறுத்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் இந்தியா சென்றன. எஞ்சிய நாடற்றோருக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டது. தலை எண்ணப்படுவது வேறு. குடியாக ஏற்கப்படுவது வேறு என்பதே இவ்வூர் வரலாறு கூறும் உண்மை.