ஆளை மாற்று, ஈயம் இருக்கட்டும்

பெயின்ட் கம்பெனியில் டாக்டராக இருந்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதிரே யார் சிரித்தாலும் பார்வை ஈறுக்குத்தான் போகும். ஈயம் உடம்பில் ஏறினால் பல்லை ஒட்டி ஈறில் கருநீலமாக ஒரு கோடு விழும். 1840இல் லண்டன் மருத்துவர் ஹென்றி பர்ட்டன் எழுதிவைத்த அடையாளம் அது.

அந்தக் கோட்டின் கதையைத் துருவினால் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் போய்ச் சேரலாம். அப்போதெல்லாம் வெள்ளை பெயின்டுக்கு ஈயவெள்ளைதான் உயிர். மண் சாடியில் காடி ஊற்றி, அதன்மேல் ஈயத்தை வைத்து, சுற்றிலும் தோல் பதனிட்டுக் கழித்த மரப்பட்டையைப் பரப்பி, மேலே பலகை போடுவார்கள். இப்படியே அடுக்கடுக்காகக் கூரைவரை. பட்டை புழுங்கிச் சூடேறும். காடி ஆவியாகி ஈயத்தை அரிக்கும். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் ஈயம் வெள்ளைப் பொருக்காகியிருக்கும். அதைத் தட்டில் வாரித் தலையில் சுமந்தவர்கள் பெண்கள். அரைத்துக் காயவைத்த மாவை உலர்த்தும் அறையிலிருந்து வெளியே எடுத்ததும் அவர்களே. தூசி பறக்கும் வேலை. கூலியோ ஆணைவிடக் குறைவு.

வயிற்றைப் பிசையும் சூலை வரும், மணிக்கட்டு தொங்கிப்போகும், கரு கலையும். இளம்பெண்களுக்குத் திடீரென்று தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, சில நாளில் சாவு. நியூகாசில் மருத்துவர் தாமஸ் ஆலிவர் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார்.

1883இல் சட்டம் வந்தது. குளிக்க இடம், சாப்பிடத் தனி அறை, குடிக்கப் புளித்த அமிலப் பானம். தூசியை மூச்சில் இழுப்பவளுக்குப் பானம் கொடுத்து என்ன ஆகும்? 1898இல் அபாயமான வேலைகளிலிருந்து பெண்களை விலக்கினார்கள். தட்டு ஆண்களின் தலைக்கு மாறியது.

ஆளை மாற்றும் இந்த வித்தை, பெயின்ட் கம்பெனி டாக்டராக இருந்த எனக்குப் புதிதில்லை. லெட் குரோமேட் என்ற ஈய மஞ்சள் நிறமி மூட்டையைக் கொட்டுகிறவரின் காது மடிப்பில் மஞ்சள் படிந்திருக்கும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு போய் நின்றால், "வேற செக்‌ஷனுக்கு மாத்திடலாம் மேடம்" என்பார்கள். தூசி உறிஞ்சும் குழாய் அடைத்துக் கிடப்பதை யாரும் பேசமாட்டார்கள்.

ஈயவெள்ளைக்கு மாற்று இல்லாமலும் இல்லை. பாரிஸில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துவந்த லெக்லேர், 1840களிலேயே துத்தநாக வெள்ளைக்கு மாறிவிட்டார். 1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உள்பூச்சுக்கு ஈயவெள்ளை கூடாது என்று ஒப்பந்தம் போட்டது. பிரிட்டன் அதை ஏற்கவில்லை. அந்நாட்டின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளர் தாமஸ் லெக், 1898 முதல் பார்த்துவந்த பதவியை அதற்காகவே 1926இல் தூக்கியெறிந்தார். அதே ஆண்டு பிரிட்டன் சொந்தமாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டது: ஈய பெயின்ட் அடிக்கலாம், பெண்களும் சிறுவர்களும் மட்டும் அடிக்கக் கூடாது.