தேவாலயத்துத் தொலைபேசியும் கிராமத்துப் பெட்டகமும்

லண்டன் மாநகரின் நடுவே, வால்ப்ரூக்கில் இருக்கிறது புனித ஸ்டீபன் தேவாலயம். 1953 நவம்பரில் அதன் பாதிரியார் சாட் வரா, வாழப் பிடிக்காத எவரும் தன்னை அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை ஊரறியச் சொன்னார். அங்கே பிறந்ததுதான் 'சமாரிட்டன்ஸ்'. 33 ஆண்டுகள் கழித்து, 1986இல், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சினேகா'வைத் தொடங்கினார். இரண்டும் ஒரே குடும்பம். வராவின் முயற்சி நாடு கடந்து பரவியபோது உருவான 'பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்போடு சினேகாவும் இணைந்திருக்கிறது. சொன்னது வெளியே போகாது, யாரும் தீர்ப்பு வழங்கமாட்டார்கள் என்ற உறுதி இரண்டு இடங்களிலும் உண்டு. ஆனால் வளர்ந்த விதத்தில் இரண்டும் வேறு வேறு திசைகளில் ஆழம் கண்டன.

வராவை இந்த வேலைக்கு இழுத்தது ஒரு மரணம். 1935இல் லிங்கன் நகரில் இளம் உதவிப் பாதிரியாராக அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு, 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கானது. முதன்முதலாக மாதவிலக்கு வந்ததைப் பால்வினை நோய் என்று நினைத்து அந்தப் பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்டாள். ஒரு அக்காவோ ஒரு டீச்சரோ ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும், தீர்ந்துபோகிற பயம். அதைக் கேட்க அவளுக்கு ஆள் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம்; 1961இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. திருச்சபையோ அதைப் பெரும்பாவமாகக் கருதியது. அப்படிப்பட்ட சபையின் பாதிரியார் ஒருவர், பாவம் என்ற சொல்லையே எடுக்காமல் தொலைபேசி அருகே உட்கார்ந்தது சாதாரணத் துணிச்சல் அல்ல.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அழைப்புகளும் நேரில் வருபவர்களும் பெருகினார்கள். உதவிக்கு வந்த சாதாரண மனிதர்கள், பாதிரியாருக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். வரா ஒன்றைக் கவனித்தார். அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலே தெளிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தன் படிப்பையும் அங்கியையும்விடக் குறுக்கிடாத ஒரு காது அதிகம் செய்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். 1954இல் தொலைபேசியையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

'சமாரிட்டன்' என்பது ஒரு பத்திரிகை சூட்டிய பெயர். பைபிளின் அந்தக் கதையில், அடிபட்டு வழியில் கிடந்தவனைக் குருவானவர் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறார். வேற்றினத்தான் ஒருவன்தான் நின்று காயம் கட்டுகிறான். மதம் பற்றி அவன் பேசவேயில்லை. சமாரிட்டன்ஸ் தொண்டர்கள் சமயப் பிரசாரம் செய்யக்கூடாது என்ற விதியை வகுத்தவரும் ஒரு பாதிரியார்தான். அவருடைய விசுவாசம் கேட்பவருக்குப் பொறுமையாக உதவியது. பேச வந்தவர்மேல் பாரமாக ஏறவில்லை.

சென்னையில் தொடங்கியவர் மருத்துவர். ஆனால் நம்பிக்கையின் வலிமையை ஆய்வாக எழுதியவர் அவர்தான். சென்னையில் தற்கொலையால் இறந்தவர்களையும் அதே சூழலில் வாழ்ந்தவர்களையும் ஒப்பிட்டு 1999இல் வெளியான அவரது ஆய்வு, இறந்தவர்களிடம் கடவுள் நம்பிக்கையும் வழிபாட்டுத்தலத்துக்குப் போகும் பழக்கமும் குறைவாக இருந்ததைக் காட்டியது. எனக்கு இது வியப்பில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகையிலும் ஞாயிறு ஆராதனையிலும் ஊர்க் கோயில் திருவிழாவிலும், "என்ன, போன வாரம் உன்னைக் காணோம்?" என்று கேட்க ஒருவர் இருக்கிறார். சாமிமேல் வைத்த நம்பிக்கையோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் ஆளைத் தாங்குகிறது. அதற்காக, உடைந்து நிற்பவரிடம் "சாமியைக் கும்பிடு, சரியாயிடும்" என்று சொல்வது அவர் வாயை அடைப்பதாகவே முடியும். சினேகாவின் தொண்டர்களும் அதைச் சொல்வதில்லை.

லண்டனிலிருந்து சென்னை விலகி நடப்பது இதற்குப் பிறகுதான். சமாரிட்டன்ஸ் பெரும்பாலும் அழைப்புக்குக் காத்திருந்தது. நம் ஊரில், அதுவும் அந்தக் காலத்தில், எத்தனை வீடுகளில் தொலைபேசி இருந்தது? இங்கே தேடிப் போகவேண்டியிருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. அது நடந்த 5 இடங்களில் சென்னையும் கொழும்பும் அடக்கம். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுசாராரிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், நலம் விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

காட்டுமன்னார்கோவில் பகுதியில் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் இன்னொரு வழி கண்டார்கள். 2 கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுக் கிடங்கில் ஆளுக்கொரு பூட்டிய பெட்டகத்தில் வைக்கச் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிட அங்கே தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சாகவேண்டும் என்ற எண்ணம் உச்சத்துக்கு ஏறி இறங்குவது; இடையில் கொஞ்சம் நேரம் கிடைத்தால் மனிதர் மீள்கிறார் என்ற உண்மை அதில் இருக்கிறது. இங்கிலாந்தும் இதைக் கண்டது. 1960களில் அங்கே தற்கொலை குறைந்தபோது பலர் சமாரிட்டன்ஸைப் புகழ்ந்தார்கள். வீடுகளுக்கு வந்த எரிவாயுவின் நச்சுத்தன்மை குறைந்ததே முக்கியக் காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

அதனால் வராவின் தொலைபேசி வீண் என்று சொல்லமாட்டேன். பெட்டகம் ஒரு ராத்திரியைக் கடத்திக் கொடுக்கும். மறுநாள் காலையில் கடனும் அவமானமும் அங்கேயேதான் இருக்கும். அப்போது பேச ஆள் வேண்டும். 200க்கும் மேற்பட்ட கிளைகளோடு அந்த ஆளை ஒரு நாடு முழுக்க அமர்த்தியதில் லண்டன் நம்மைவிட வெகுதூரம் முன்னால் போய்விட்டது. பூச்சிமருந்துக் கடை இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் பொதுக் கிடங்கும், பேச ஓர் ஆளும் இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.

இதைப் படிப்பவர் மனதில் அப்படியோர் எண்ணம் இருந்தால், இப்போதே யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாட்டில் 104, சினேகா 044-24640050, இலங்கையில் 1926.