கழுதை தின்னாத மாம்பழம்

மாம்பழ சீசன் வந்தால் எனக்கு மிர்சா காலிப் ஞாபகம் வந்துவிடும். உருதுக் கவிஞர். 1797-ல் ஆக்ராவில் பிறந்தவர், டெல்லி பல்லிமாரான் பக்கத்துச் சந்துகளில் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளினார். அவர் கவிதையை அளந்து சொல்லும் அளவுக்கு எனக்கு உருது போதாது. நண்பர்களோடு அவர் அடித்த அரட்டையைச் சொல்லலாம். அதில் பாதி மாம்பழம்தான்.

ஹக்கீம் ரஸியுத்தீன் கான் என்ற நெருங்கிய நண்பருக்கு மாம்பழமே பிடிக்காது. ஒருநாள் இருவரும் காலிப் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஒருவன் கழுதை ஓட்டிக்கொண்டு போனான். கீழே கிடந்த மாம்பழத் தோலைக் கழுதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. பாருங்கள், கழுதைகூட மாம்பழம் தின்பதில்லை என்றார் ஹக்கீம். சந்தேகமென்ன, கழுதைதான் தின்னாது என்றாராம் காலிப். நாமாக இருந்தால் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பழமொழிக்குப் போயிருப்போம்.

இதை எழுதி வைத்தவர் அவருடைய சீடர் ஹாலி. 1897-ல் வந்த அவர் புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. செங்கோட்டைத் தோட்டத்தில் பகதூர் ஷா சக்கரவர்த்தியோடு காலிப் உலாவிக்கொண்டிருந்தார். மரமெல்லாம் பழம். ஆனால் அது அரச குடும்பத்துக்கு மட்டும். காலிப் ஒவ்வொரு பழமாக அண்ணாந்து உற்றுப் பார்த்தார். என்ன பார்க்கிறீர் என்று அரசர் கேட்டார். தின்கிறவன் பெயர் தானியத்தில் எழுதியிருக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, என் பெயரும் என் அப்பா, தாத்தா பெயரும் எதிலாவது இருக்கிறதா என்று தேடுகிறேன் என்றார். அன்றைக்கே ஒரு கூடை வீட்டுக்கு வந்தது.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் மனிதர் கையில் காசில்லாதவர், கௌரவமும் விடாதவர். டெல்லி காலேஜில் வாத்தியார் வேலை தரக் கூப்பிட்ட வெள்ளைக்கார அதிகாரி வாசலுக்கு வந்து வரவேற்கவில்லை என்று பல்லக்கைத் திருப்பிக்கொண்டு வந்தவர் என்பார்கள். அப்படிப்பட்டவர் ‘கொடு’ என்று வாய்விட்டுக் கேட்பாரா? வேடிக்கையாகக் கேட்டால் கேட்டது மாதிரியும் இருக்காது, கொடுத்தவருக்கும் சந்தோஷம்.

குடும்பப் பென்ஷனில் அவர் பங்கு மாதம் 62 ரூபாய் 8 அணா. பங்கு குறைவு என்று வழக்காட 1828-ல் கல்கத்தா வரை போனார். அங்கே ஒரு சபையில் மௌல்வி கரம் ஹுசைன் என்ற நண்பர் வழவழப்பான ஒரு பாக்கை உள்ளங்கையில் வைத்து, இதற்கு உவமை சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். உட்கார்ந்த இடத்திலேயே ஒன்பது பத்து ஈரடிகள் சொல்லிவிட்டு, கூலியாக அந்தப் பாக்கையே வாங்கிக்கொண்டாராம். பிற்காலத்தில் கடிதத்தில் அவரே எழுதியது இது. வழக்கு பலிக்கவில்லை. பாக்குதான் மிச்சம்.

பிறகு 1857 வந்தது. கூடை அனுப்பிய அரசர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862-ல் அங்கேயே இறந்தார். மாம்பழத்துக்கு என்ன லட்சணம் வேண்டும் என்று நடந்த ஒரு பேச்சில், இரண்டே லட்சணம் போதும், இனிப்பாக இருக்கவேண்டும், நிறைய இருக்கவேண்டும் என்றார் காலிப். அந்தப் பேச்சில் அவர் கருத்தைக் கேட்ட மௌலானா ஃபஸ்லே ஹக்கை அந்தமானுக்கு அனுப்பினார்கள். 1861-ல் அவரும் போய்விட்டார். அரசர் கொடுத்த மாதம் 50 ரூபாய் போயிற்று. பென்ஷனும் நின்று, 1860-ல்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் கைகொடுத்தது ராம்பூர் நவாப் அனுப்பிய நூறு ரூபாய்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லை. வெளியூரில் சிதறிக் கிடந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார், எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே. அப்படி ஒன்றில் மாம்பழக் கணக்கும் வருகிறது. முன்பெல்லாம் வயிறு முட்டத் தின்பேன், இப்போது பத்துப் பன்னிரண்டுக்கு மேல் முடிவதில்லை, பெரிய பழமானால் ஆறேழுதான் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். எனக்கு டாக்டர் அனுமதித்திருப்பது ஒரு துண்டு.