கர்ப்பகால அரிப்பும் பித்தமும்

கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் இழுபட்டு அரிப்பது சாதாரணம். எண்ணெயோ கலமைன் லோஷனோ போதும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையிலும் பாதத்திலும் இரவில் கூடும் அரிப்பின் கதை வேறு; அது பித்தக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். 1883இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபெல்ட், கர்ப்பந்தோறும் வந்து பிரசவத்துடன் மறையும் மஞ்சள் காமாலையை விவரித்தார். 1950களில் ஸ்வீடன் மருத்துவர்கள் இந்தக் கோளாறைத் தனி நோயாக வரையறுத்தனர். ஹார்மோன் மிகுதியும் மரபும் சேர்ந்து பித்த ஓட்டத்தை மந்தப்படுத்த, பித்த அமிலங்கள் ரத்தத்தில் தேங்குகின்றன. சிலி நாட்டில், குறிப்பாக மாப்புச்சே வம்சாவளிப் பெண்களிடம், இது ஒருகாலத்தில் மிகப் பரவலாக இருந்தது.

இதற்கு மருந்தான அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் முதலில் அறியப்பட்டது, வியப்பாக, கரடிப் பித்தத்தில்! ஆனால் 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அது அரிப்பைச் சற்றே தணித்தது, அவ்வளவுதான். பித்த அமிலம் மிகக் கூடினால் சிசு வயிற்றிலேயே இறக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் பிரசவத்தை முன்கூட்டியே தூண்டுகிறார்கள்.